இடப்பக்கக் கம்பம்

எனக்கு எழுத்து ஒழுங்காக வராது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. எந்த இடத்தில் எந்த 'ல' போடுவது என்று இன்றும் மகளைத்தான் கேட்கிறேன். மறதியும் கூடிவிட்டது. முன்னுக்குப் பின் வந்தால் கோபிக்க வேண்டாம்.

போன கிழமை மருமகன் போனில் உதைபந்தாட்டம் பார்த்துக்கொண்டிருந்தார். ஏதோ வெளிநாட்டு ஆட்டம். கோல் காப்பாளர் இரண்டு கம்பங்களையும் தொட்டு, விரலை வானத்துக்குக் காட்டிவிட்டு வந்து நின்றார். கொஞ்ச நேரத்தில் பந்து அவரைத் தாண்டி உள்ளே போயிற்று. அடித்தவன் புல்லில் நெற்றியை வைத்து வணங்கினான்.

"இப்ப ஆரிட சாமி வெண்டது, மாமி?" என்று மருமகன் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சின்னமாமாவின் நினைவு வந்தது.

சின்னமாமா என் அம்மாவின் தம்பி. எங்கள் ஊர் அணிக்கு அவர்தான் கோல் காப்பாளர். கோயில் வாசலைக்கூட மிதிக்காதவர். அம்மா ஏதாவது நேர்த்தி வைக்கப் போனால், "மேல ஆருமில்லக்கா. கீழயும் ஆருமில்ல. நடுவில நாமதான் கிடந்து மாயிறம்" என்பார்.

அவர் அப்படி ஆனதற்கு ஒரு காரணம் இருந்தது. அவருக்கு இளையவர் ஒருவர், என் கடைசி மாமா, நான் கைக்குழந்தையாக இருந்தபோது தோணி கவிழ்ந்து ஆற்றில் போனவர். வாவியை நாங்கள் ஆறு என்றுதான் சொல்வோம். உடல் கிடைக்கவே இல்லை. அந்தியேட்டிக் கருமத்தையாவது செய்வோம் என்று அம்மா கெஞ்சியிருக்கிறார். "ஆளக் காணாம செத்தவன் எண்டு எப்பிடிக்கா சொல்லுற?" என்று சின்னமாமா மறுத்துவிட்டாராம். சடங்கு நடக்கவில்லை. அம்மா மட்டும் வெள்ளிக்கிழமைகளில் கரையில் ஒரு கவளம் சோறு வைப்பார். காகம் தொடாமல் போனால் அன்று முழுவதும் யாருடனும் பேசமாட்டார்.

அந்தக் காலத்தில் கொழும்பில் ஒரு கம்பெனி சம்பளம் கொடுத்து ஆட்டக்காரரை வைத்திருந்தது. எங்களுக்கும் எழுவான்கரைக்காரருக்கும் நடக்கும் ஆட்டத்தைப் பார்க்க அவர்களுடைய ஆள் ஒருவர் வருகிறார் என்று செய்தி வந்தது. வாவிக்குக் கிழக்கே கடல் பக்கம் இருப்பவர்கள் எழுவான்கரை. மேற்கே வயல் பக்கம் நாங்கள் படுவான்கரை. மாமா கோல் விடாமல் நின்றால் கொழும்புக்குப் போய் ஆடியே சம்பாதிக்கலாம். விட்டால் பழையபடி வயல் வட்டையில் அடுத்தவருக்குக் கூலி.

எங்கள் அணித் தலைவருக்கு எதிராளிகளின் காலைவிட அவர்களுடைய மந்திரத்தில்தான் பயம். "கோலடியில தேசிக்காய் வெட்டிப் புதைப்பானுகள் மச்சான்" என்றார். எலுமிச்சையைத்தான் நாங்கள் தேசிக்காய் என்போம்.

"நல்லதுதானே. தோண்டி எடுத்து உப்பும் போட்டுத் தாங்க. வெயிலுக்கு நல்லம்" என்றார் மாமா.

தலைவர் கேட்கவில்லை. வயதான மந்திரவாதி ஒருவரைக் கூட்டி வந்தார். அவர் எங்கள் கோலின் இரண்டு கம்பங்களுக்கும் நூல் சுற்றி, வேப்பிலை செருகி, பந்து உள்ளே வராதபடி கட்டுப் போட்டார். மாமா இடுப்பில் கையை வைத்துப் பார்த்துக்கொண்டு நின்றார். "ஐயா, மட்டக்களப்பான் ஆளப் பாயோட ஒட்டவைப்பான் எண்டு ஊரெல்லாம் கதை. என்னப் புல்லோட ஒட்டவெச்சிராதீங்க, பாயவேணும்."

அன்றைக்கு அம்மா என்னிடம் ஒரு துணி முடிச்சில் திருநீறு கொடுத்து, "மாமாட நெத்தியில பூசிப்போட்டுத்தான் நீ வீட்டுக்கு வரணும்" என்று அனுப்பியிருந்தார். ஒரு தம்பியை ஆற்றுக்குக் கொடுத்தவர். மிஞ்சிய தம்பியைக் கொழும்புக்குச் சும்மா அனுப்ப அவருக்கு மனம் இல்லை. நானோ யாராவது பார்த்தாலே தலையைக் குனிகிற பிள்ளை. ஆண்கள் கூட்டத்துக்குள் போக வெட்கப்பட்டு முதல் பாதி முழுவதும் முடிச்சை வைத்துக்கொண்டு ஒரு மரத்தடியில் நின்றேன்.

முதல் பாதியில் எங்கள் கோலுக்குள் பந்து வரவில்லை. எங்கள் ஆட்கள் ஒரு கோல் அடித்தார்கள். மந்திரவாதி கதிரையில் சாய்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். இடைவேளை முடிந்து அணிகள் எதிரெதிராக நடந்தபோது எழுந்துவிட்டார்.

"இதென்ன, எங்க போறானுகள்?"

"பக்கம் மாறுறது, ஐயா."

"ஆரும் சொல்லல்லியே!"

அவர் போட்ட கட்டு இப்போது எழுவான்கரைக்காரரின் கோலைக் காத்துக்கொண்டு நின்றது. அவிழ்ப்பதென்றால் பொழுது பட்டுவிடும் என்றார். தலைவரின் முகம் செத்துப்போயிற்று. மாமா மட்டும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துச் சிரித்து நிலத்தில் குந்திவிட்டார்.

அப்போதுதான் நான் துணிந்து கிட்டப் போனேன். "அம்மா பூசட்டாம்."

"வேர்வையோட கண்ணுக்க வழிஞ்சா பந்து தெரியாது, மகள். நீ வெச்சிரு."

அவர் வாவிப் பக்கத்துக் கோலுக்கு நடந்தார். பூசாமல் வீட்டுக்குப் போக முடியாது. ஆகவே நானும் பின்னால் போய், கரையில் கவிழ்த்து வைத்திருந்த தோணியின்மேல் உட்கார்ந்தேன். அந்தப் பக்கம் வேறு யாரும் இல்லை. வலை கட்டாத கோல். இரண்டு பாலைமரக் கம்பங்களும் மேலே ஒரு தடியும்தான். காற்று சட்டென்று நின்றிருந்தது. ஆறு எண்ணெய் ஊற்றியதுபோல அசையாமல் கிடந்தது. வயல்களுக்குமேல் இறங்கிக்கொண்டிருந்த சூரியன் மாமாவின் முகத்துக்கு நேரே அடித்தது.

அவர் இடப்பக்கக் கம்பத்திடம் போனார். ஒரு ஆளின் தோளில் போடுவதுபோல அதன்மேல் கையைப் போட்டார்.

"வெயில் நேர கண்ணுக்க அடிக்குது. வலப்பக்கம் நான் நிக்கிறன். இது உன்ட பக்கம், கேட்டியா?"

பிறகு கொஞ்சம் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டு நின்றார். யாரோ பகிடி விட்டதுபோல அவர் வாய் சிரிப்பில் கோணியது. "சரி சரி, அதெல்லாம் மறுகா கதைப்பம்" என்றார்.

கோடைகாலம். திடல் முழுக்க வெடித்துக் கிடந்தது. அந்தக் கம்பத்தின் அடியில் மட்டும் மண் நனைந்து கறுத்திருந்தது. தண்ணீர் எட்டத்தில் கிடந்தது. நான் காலை இழுத்துத் தோணியின்மேல் வைத்துக்கொண்டேன்.

இரண்டாம் பாதி முழுவதும் மாமா வலப்பக்கம் ஒதுங்கியே நின்றார். "டேய், இடப்பக்கம் திறந்து கிடக்குடா! மூடுடா!" என்று எங்கள் ஆட்கள் தொண்டை கிழியக் கத்தினார்கள். அவர் அசையவில்லை. அங்கே எங்கள் முன்வரிசைக்காரர் கட்டுப் போட்ட கோலுக்கு அடிக்கக் கால் கூசி, பந்தை ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

ஆட்டம் முடியப்போகும் நேரம் எழுவான்கரைக்காரன் ஒருவன் தனியாக வந்தான். இடப்பக்கம் பார்த்துத் தாழ்வாக அடித்தான். பந்து நேரே உள்ளே வருவதை நான் பார்த்தேன். மாமா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கம்பத்தின் கிட்ட வந்த பந்து கை வைத்துத் தள்ளியதுபோல வெளியே விலகி, என்னைத் தாண்டி ஆற்றில் போய் விழுந்தது. "கம்பம்! கம்பம்!" என்று கூட்டம் குதித்தது. நான் பந்தைப் பார்த்தேன். அலையும் இல்லை, காற்றும் இல்லை. அது மெல்லத் திரும்பித் தானாகக் கரைக்கு வந்து நின்றது.

நாங்கள் வென்றோம். கொழும்புக்காரர் மாமாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். எங்கள் இளைஞர்கள் தோளில் தூக்கியது மந்திரவாதியைத்தான். "ரெண்டு பக்கத்துக்கும் சேர்த்துத்தானே கட்டினனான்" என்று அவர் மேலே இருந்து சொல்லிக்கொண்டு போனார்.

திடல் வெறுமையானபிறகு மாமா என்னிடம் வந்து கையை நீட்டினார். "இப்ப தா." முடிச்சை அவிழ்த்தார். நெற்றியில் பூசவில்லை. இடப்பக்கக் கம்பத்தில், ஒரு ஆளின் நெற்றி உயரத்தில், விரல்களை அழுத்தி இழுத்தார். அந்த வெள்ளையின்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார்.

"நீ போ. நானும் போறன்" என்றார், கம்பத்தைப் பார்த்தபடியே.

எங்கள் பக்கம் யாரும் 'போறன்' என்று சொல்லி விடைபெறுவதில்லை. வாசலைத் தாண்டும்போது 'வாறன்' என்றுதான் சொல்ல வேண்டும். மாமா சொல்லத் தெரியாமல் சொல்லிவிட்டார் என்று நினைத்தேன். ஓடிப்போய் அம்மாவிடம், "மாமா திருநீறு பூசினவர்!" என்றேன். எதில் பூசினார் என்று அம்மா கேட்கவில்லை. கற்பூரம் கொளுத்திவிட்டு வெகுநேரம் அழுதார்.

அடுத்த வெள்ளிக்கிழமை அம்மா கரையில் வைத்த கவளத்தை, அவர் கையை எடுக்குமுன்பே காகம் கொத்திக்கொண்டு போயிற்று. மாமா கொழும்புக்குப் போனார். அங்கே ஆட்டத்துக்கு ஆட்டம் பந்து அவருக்கு இடப்பக்கமாகவே போயிற்றாம். மாரிமழை தொடங்குமுன் பெட்டியோடு திரும்பி வந்துவிட்டார். ஏன் மாமா என்று கேட்டேன். "அங்க இடப்பக்கம் நிக்க ஆளில்ல, மகள்" என்று சிரித்தார். எங்கள் திடலிலும் அதற்குப்பிறகு அவர் கோலுக்கு நிற்கவில்லை. சாகும்வரை கோயிலுக்கும் போகவில்லை.

சாமி இல்லையென்று சொல்லிக்கொண்டு கள்ளமாகக் கும்பிட்டவர் என்று நெடுங்காலம் அவரைப் பற்றி நினைத்திருந்தேன். மேலே யாரும் இல்லை என்று அவர் சொன்னது உண்மையாகத்தான். அவர் மேலே யாரையும் தேடியதில்லை. செய்ய மறுத்த சடங்கை அன்று என் கண்முன்னே செய்து முடித்தார் என்பதும், அதற்கு அவர் எதைக் கொடுத்தார் என்பதும் அந்தச் சின்ன வயதில் எனக்கு விளங்கவில்லை.

ஒன்றை மட்டும் யாராவது சரிபார்த்துச் சொல்ல வேண்டும். பந்து கம்பத்தில் பட்டுத்தான் வெளியே போனது என்று ஊரில் எல்லோரும் சொல்வார்கள். கம்பத்துக்கு மிகக் கிட்ட இருந்தவள் நான்தான். எனக்கு அந்தச் சத்தம் நினைவில் இல்லை. அன்றைய ஆட்டத்தைப் பார்த்தவர்கள் எவராவது இருந்தால், பந்து மரத்தில் பட்ட சத்தம் கேட்டதா என்று தயவுசெய்து சொல்லுங்கள்.