ஐந்நூற்றுப் பதினான்காவது படம்

மணியக்காவுக்கு வீட்டில் வைத்த பெயர் வேறு. பள்ளியில் மணி அடிக்கிற வேலைக்கு வந்த நாளிலிருந்து பிள்ளைகள் வாயில் அவள் மணியக்கா ஆகிவிட்டாள். அந்த வட்டாரத்தில் நாலு அரசுப் பள்ளிகளுக்கு மாற்றலாகி, முப்பத்தொரு வருஷம் மணி அடித்திருக்கிறாள், பெருக்கியிருக்கிறாள், வாசல் இரும்புக் கதவைப் பூட்டித் திறந்திருக்கிறாள். படிப்பு ஐந்தாம் வகுப்பு. ஆனால் எந்தப் பிள்ளை எந்த வீட்டுப் பிள்ளை என்று கேட்டால், பதிவேட்டைப் புரட்டுவதற்குள் சொல்லிவிடுவாள்.

அவளுக்கு ஒரு பழக்கம் உண்டு. வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பினால் தெருமுனை வரை போவாள். திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பாள். மறுபடி போவாள், மறுபடி வருவாள்.

"பூட்டு கையோட வந்துடப் போகுதுடி" என்பார் புருஷன். "உள்ளே அப்படி என்னதான் இருக்கு? திருடன் என்னைத் தூக்கிட்டுப் போனாலும் சாயங்காலம் அவனே கொண்டாந்து விட்டுடுவான்."

அவளும் சிரித்துவைப்பாள். காரணத்தை அவரிடம்கூடச் சொன்னதில்லை.

பத்தொன்பது வருஷத்துக்கு முன் ஒரு மதியம், இரண்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி பள்ளியை விட்டு வெளியே போய்க் கால்வாயில் விழுந்து இறந்துபோனாள். சிட்டு என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். ஓர் இடத்தில் உட்காரமாட்டாள். விசாரிக்க வந்தவர்கள், "வாசல் பூட்டியிருந்துச்சா?" என்று கேட்டார்கள். "பூட்டிட்டேங்க" என்றாள் மணியக்கா. பிள்ளை சுவர் ஏறிக் குதித்திருக்கிறது என்று எழுதிக்கொண்டு போனார்கள்.

மணியக்கா சொன்னது பொய்யா? அதுதான் அவளுக்கே தெரியாது. அன்று தண்ணீர் வண்டிக்காகக் கதவைத் திறந்தது ஞாபகம் இருக்கிறது. வண்டி போன பிறகு பூட்டினாளா என்பதுதான் வரமாட்டேன் என்கிறது. சாவியைத் திருப்பிய மாதிரியும் இருக்கும், திருப்பாத மாதிரியும் இருக்கும். பாத்திரம் கழுவும்போதும் அந்தக் கதவின் கிறீச் சத்தம் கேட்கும். 'கடவுளே, நான் பூட்டினேனா இல்லையா, அதை மட்டும் காட்டிடு' என்று தினமும் கைகூப்பினாள்.

சிட்டுவின் அம்மா சீருடை தைக்கிறவள். கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் ஒரே பேச்சுத்தான்: "சுவர் ஏறினான்னு முதல் நாள் அடிச்சேன். அந்த வீம்புலதான் மறுநாளும் ஏறிட்டா. என் கைதான் அவளை அனுப்பிடுச்சு." அந்தக் கடை வந்தால் மணியக்கா எதிர்ப்பக்கம் போய்விடுவாள்.

இந்த வருஷம் வட்டாரத்தின் இருபத்துமூன்று பள்ளிகளுக்கும் சேர்த்து ஒரே இணையதளம் கட்டினார்கள். கண் தெரியாத பெற்றோரும், காது கேளாதவரும், கை நடுங்குகிறவரும் யார் தயவும் இல்லாமல் பார்க்கும்படி இருக்கவேண்டும் என்பது ஏற்பாடு. அதனால் ஒவ்வொரு படத்துக்கும் பின்னால் அதில் என்ன இருக்கிறது என்று எழுதியாக வேண்டும். எழுத்து இல்லாத படம் தளத்தில் ஏறாது. பழைய படங்களில் எது எந்தப் பள்ளி என்று ஒருவருக்கும் தெரியவில்லை. மணியக்காவைக் கூப்பிட்டார்கள். அவள் சொல்லச் சொல்ல, கம்ப்யூட்டர்ப் பெண் தட்டினாள்.

"இவரு பெரிய சார். தங்கமான மனுஷன். பாவம், சர்க்கரை வியாதியில கால் போய், அப்புறம் ஆளே போயிட்டாரு."

"அக்கா, அக்கா! பார்க்கிறதை மட்டும் சொல்லுங்க. தெரிஞ்சதைச் சொல்லாதீங்க. நாற்காலியில ஒருத்தர் உட்கார்ந்திருக்காரு, அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா அவரு!" என்றாள் மணியக்கா.

எழுதியதைக் கேட்டுச் சரிபார்க்கிறவர் பாட்டு சார், சிட்டு படித்த பள்ளியில் அப்போது பாட்டு வாத்தியார். பிறவியிலேயே பார்வை இல்லை. காதில் மாட்டிய கருவி கோழி கொத்துகிற வேகத்தில் படித்துக்கொண்டே போகும், அவருக்கு எல்லாம் புரியும். "படம் ஐந்நூற்றுப் பதினாலு. அப்புறம் சத்தத்தையே காணோம். என்னம்மா இது, ஜெயில் கைதியா, வெறும் நம்பரோட விட்டுட்டீங்க?" என்றார்.

கம்ப்யூட்டர்ப் பெண் அந்தப் படத்தைத் திறந்தாள். பரிசுக் கோப்பையோடு ஆறு பிள்ளைகள். மூலையில் தேதி. சிட்டு இறந்த அதே தேதி.

"ஆறு பிள்ளைங்க கோப்பையோட நிக்குதுங்க. போதும், மேல போங்கம்மா" என்றாள். பிள்ளைகளின் முகத்தைத் தாண்டிக் கண்ணைப் போகவிடவில்லை.

"எங்கே நின்னு எடுத்தது மணி?" என்றார் பாட்டு சார்.

"வராந்தாவுல இருந்து சார்."

"அப்போ பிள்ளைங்களுக்குப் பின்னாடி வாசல் கதவு இருக்கணுமே."

கேட்டதைக் கடவுள் கொடுத்துவிட்டார், வாங்கிக்கொள்ளத்தான் கை வரவில்லை. "பெருசாக்குங்கம்மா" என்றாள் கடைசியில். படம் பெரிதானது. தண்ணீர் வண்டி வெளியே போன ஈரத் தடம் வாசலில் கிடந்தது. சங்கிலி ஒரு பக்கமாகத் தொங்கியது. கதவு ஒரு பிள்ளை நுழைகிற அளவுக்குத் திறந்திருந்தது.

"திறந்திருக்கு சார். நான் பூட்டல. சிட்டு போன அன்னைக்கு எடுத்தது இது."

பாட்டு சார் கருவியைக் காதிலிருந்து கழற்றினார். "அன்னைக்குக் கதவு கிறீச்சுன்னது எனக்குக் கேட்டுச்சு மணி. நீதான் யாருக்கோ திறக்கிறியோன்னு நினைச்சு இருந்துட்டேன். விசாரிக்க வந்தவங்க எல்லாரையும் கேட்டாங்க, என்னை மட்டும் கேட்கல. கண்ணு தெரியாதவன் என்னத்தைப் பார்த்திருப்பான்னு விட்டுட்டாங்க. நானாப் போய்ச் சொல்லியிருக்கணும். உன் வேலை போயிடுமேன்னு வாயை மூடிக்கிட்டேன்."

கம்ப்யூட்டர்ப் பெண் படத்தைச் சின்னதாக்கினாள். "அக்கா, இந்தப் படத்தை விட்டுடலாம். ஒண்ணு குறைஞ்சா யாருக்குத் தெரியும்?"

"பார்க்கிறதைத்தானே சொல்லச் சொன்னீங்க? கதவு திறந்திருக்குன்னு எழுதுங்கம்மா. ஆனா நான் ஓர் இடத்துக்குப் போயிட்டு வர்ற வரைக்கும் ஏத்தாதீங்க."

பாட்டு சார் துணைக்கு வருகிறேன் என்றார். வேண்டாம் என்றுவிட்டாள். தையல் கடைக்கு நேராக நடந்தாள், எதிர்ப்பக்கம் மாறவில்லை. ஓய்வு பெற இன்னும் இரண்டு வருஷம். அதற்குள் என்ன ஆகுமோ என்ற நினைப்பு வந்தது, அதுவும் கூடவே நடந்து வந்தது.

சிட்டுவின் அம்மா நிமிர்ந்து பார்த்தாள். "என்னக்கா, வழி தவறி வந்துட்டீங்களா?"

மணியக்கா உட்காரவில்லை. தண்ணீர் வண்டியில் ஆரம்பித்துப் படம் வரைக்கும் சொல்லி முடித்தாள். தையல் இயந்திரம் எப்போது நின்றது என்று அவளுக்குத் தெரியாது.

"அப்போ அவ சுவர் ஏறலையா?"

"இல்லம்மா. வாசல் வழியாத்தான் போயிருக்கா. நான் திறந்து போட்ட வாசல்."

"நான் அடிச்சேனே, அதுக்கப்புறம் ஏறவே இல்லையா?"

"ஏறல."

அந்தத் தாய் மடியில் கிடந்த சீருடைத் துணியை மடித்தாள், பிரித்தாள், திரும்ப மடித்தாள். "போயிடுங்க" என்றாள். குரலில் கோபம்கூட இல்லை. "இப்போ என் முன்னாடி நிக்காதீங்க."

மணியக்கா படி இறங்கினாள். பின்னாலேயே செருப்பில்லாத கால் சத்தம் வந்தது.

"எவ்வளவு திறந்திருந்துச்சு?"

மணியக்கா இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினாள். அளவு எடுத்தே பழகிய கண் அந்த இடைவெளியை மேலும் கீழும் பார்த்தது.

"போதும். அவளுக்கு அது தாராளம்" என்றாள் அம்மா.

பிறகும் அவள் உள்ளே போகவில்லை. மணியக்காவின் கைகளுக்கு நடுவில் இருந்த வெறும் இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். கையை எப்போது இறக்கலாம் என்று மணியக்காவுக்குத் தெரியவில்லை.