வேகாத ரப்பர்

பிலவேந்திரண்ணே, நீ கொண்டுவந்த ரப்பர் துண்டு இன்னும் நம் வீட்டு ஜன்னலில்தான் இருக்கிறது. உள்ளங்கை அகலம், கறுப்பு நிறம், விரல் வைத்தால் அமுங்கும். எத்தனை முறை துடைத்து வைத்தாலும் சாயங்காலத்துக்குள் காற்றில் வரும் கரித்தூள் அதன்மேல் உட்கார்ந்துவிடுகிறது. உட்கார்ந்தது சும்மா இருப்பதில்லை. ஒன்றையொன்று தேடிப்போய்க் கூட்டம் போட்டுக்கொள்கிறது. அதைப் பார்த்தால் எனக்கு அழுகை வருவதில்லை. ஆத்திரம்தான் வருகிறது.

இதைப் படிக்கிறவர்களுக்கு என் அண்ணனைத் தெரியாது. நெய்வேலி டவுன்ஷிப்புக்கு வெளியே, லாரிக்குக் கரி ஏற்றும் ஒரு சின்ன யார்டில் அவன் கன்வேயர் பெல்ட்டுக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தவன். அறுந்த முனைகளுக்கு நடுவே வேகாத ரப்பரை வைத்து, சூட்டுத் தகடுகளால் அழுத்தி வேகவைப்பார்கள். நான் அதே யார்டில் சிந்திய கரியைக் கூட்டி அள்ளுகிறவள். எட்டாவதோடு நின்றவள்.

ஒட்டு வெந்ததா என்று பார்க்க அவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. தகட்டை எடுத்து ஆறியதும் ஒரு சிட்டிகை கரித்தூளை ஒட்டின்மேல் தூவிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். திரும்பி வரும்போது தூள் விழுந்த இடத்திலேயே சிதறிக் கிடந்தால் பெல்ட்டை ஓட்டலாம். கும்பல் கும்பலாகச் சேர்ந்திருந்தால் ரப்பர் இன்னும் மெத்தென்று இருக்கிறது, மறுபடி சூடு வைக்க வேண்டும். நான் நம்பாததால்தான் அண்ணன் வேகாத அந்தத் துண்டை வீட்டுக்கே கொண்டுவந்தான்.

"மந்திரமெல்லாம் இல்ல பாப்பா. தூளு ஒக்காந்த எடம் துளியூண்டு அமுங்குது. பக்கத்துல இருக்கறவன் அந்தச் சரிவுல வழுக்கிக்கினு வரான். கறிசோறுன்னா நம்ம சொந்தக்காரனுங்க கூடறானுங்களே, அந்த மாரி."

"வெந்த ரப்பர்ல?"

"அது கல்நெஞ்சுக்காரன். எவனையும் சேக்க மாட்டான்."

இந்த வித்தையை அவனுக்குச் சொல்லிக்கொடுத்தவர் மேஸ்திரி. முத்தாண்டிக்குப்பத்தில் எங்கள் தெருக்காரர், நாங்கள் மாமா என்றுதான் கூப்பிடுவோம். ஒருநாள் காலை கரிக்காக லாரிகள் ரோடு வரைக்கும் வரிசையில் நின்றன. அண்ணன் தூள் தூவிய ஒட்டை நானும் குனிந்து பார்த்தேன். தூள் திட்டுத்திட்டாகச் சேர்ந்திருந்தது.

"இன்னும் வேவல மாமா," என்றான் அண்ணன்.

மேஸ்திரி குனிந்து பார்த்தார். நன்றாகவே பார்த்தார். பிறகு தோளில் கிடந்த துண்டை எடுத்து ஒரே இழுப்பாகத் துடைத்தார். "ஈரக்காத்துடா, அதான் சேருது. எனக்கே கத்துக்குடுக்கறியா? ஓட்டு."

கரி ஏறியதும் ஒட்டு பிய்ந்துகொண்டது. அறுந்த பெல்ட் மேல்முனையிலிருந்து கரியோடு சறுக்கி வந்தது. கீழ்முனையில் அண்ணன் நின்றுகொண்டிருந்தான்.

அவன் செத்ததைக்கூட எப்படியோ விழுங்கிக்கொண்டிருப்பேன். விசாரிக்க வந்தவர்களிடம் மேஸ்திரி சொன்ன வார்த்தையை விழுங்க முடியவில்லை. "பையன் அவசரப்பட்டுட்டான் சார், வேகறதுக்குள்ள ஓட்டிட்டான்." நான் பார்த்ததைச் சொன்னேன். கூட்டுகிறவளுக்கு ரப்பரைப் பற்றி என்ன தெரியும் என்றார்கள். அடக்கத்தன்று அதே ஆள் என் தலையில் கை வைத்துத் தேற்றினார். அந்தக் கையைக் கடித்துத் துப்ப வேண்டும் போல இருந்தது.

அண்ணனின் வருட நினைவுப் பூசைக்குச் சர்ச்சுக்குப் போகும்போது ரப்பர் துண்டைத் துடைத்து, சிட்டிகை தூள் தூவி, டிபன் டப்பா மூடியில் வைத்து எடுத்துப் போனேன். பூசை முடியும்வரை அது என் மடியில் இருந்தது. மேஸ்திரி முன்வரிசையில் முழங்காலில் நின்றார். வாசலில் ஊரே நிற்கும்போது அவர்முன் மூடியை நீட்டினேன்.

"இன்னாம்மா இது, கோயில் வாசல்ல?"

"பாத்துச் சொல்லுங்க மாமா. ஓட்டலாமா?"

அவர் கை தானாகத் தோள் துண்டுக்குப் போனது. எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கை பாதியில் நின்றுவிட்டது. ஒட்டு வேலை தெரிந்த நாலு பேராவது அங்கே இருந்திருப்பார்கள். தூள் திட்டாகச் சேர்ந்திருப்பதை அவர்களும் பார்த்தார்கள்.

"ஓட்டக்கூடாதும்மா," என்றார். வாய்க்குள்ளேயே சொன்னார்.

"கேக்கல மாமா. அன்னிக்கி எங்கண்ணன் சொன்னது உங்களுக்குக் கேக்கலியே, அந்த மாரி."

இரண்டாம் முறை சத்தமாகச் சொன்னார். சொல்லிவிட்டுச் செருப்பைக்கூட மாட்டாமல் நடந்துபோனார். எனக்கு மனசு ஆறியது என்று பொய் சொல்ல மாட்டேன். அடுத்த வருடமும் கேட்பேன்.

ரப்பர் துண்டு திரும்ப ஜன்னலுக்கு வந்துவிட்டது. இன்றைய தூள் அதன்மேல் கூட ஆரம்பித்திருக்கிறது. என் அண்ணன் பிலவேந்திரனின் ஆத்துமாவுக்காக எல்லாரும் ஒரு நிமிடம் வேண்டிக்கொள்ளுங்கள். அப்படியே மேஸ்திரிக்கும் நீண்ட ஆயுளைக் கேளுங்கள். நான் கேட்கும்போதெல்லாம் பதில் சொல்ல அவர் இருக்க வேண்டும்.