பல்லில் உட்காராத அச்சு

என் மகள் எஸ்தருக்குக் கீழ்த்தாடை முன்னால் வளர்ந்துவிட்டது. மேல்பல்லும் கீழ்ப்பல்லும் சேரவே சேராது. ஒரகடத்தில் கார் பாகம் செய்கிற கம்பெனியில் வேலை. கேன்டீனில் எல்லாரும் எழுந்து போன பிறகுதான் சோற்றைப் பிசைந்து விழுங்குவாள்.

2014-ல் தண்டலம் பக்கம் ஒரு பல் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் என்று முடிவானது. தாடை எலும்பை அறுத்துப் பின்னால் தள்ளணுமாம். உதட்டு நரம்பு அந்த எலும்புக்குள்ளேயே ஓடுகிறதாம். ரம்பம் அதில் பட்டால் உதடு மரத்துப்போகும் என்றார் டாக்டர். அதற்காக ஸ்கேன் எடுத்து, அவள் தாடைக்கென்றே கம்ப்யூட்டரில் அளந்து பிளாஸ்டிக்கில் ஓர் அச்சு செய்தார்கள். பல்மேல் அதை மாட்டினால், அதிலுள்ள இடுக்கு வழியாகத்தான் ரம்பம் போகும்.

நான் அஞ்சாவதுதான் படித்தவள். "ஆண்டவரே, ஒரு மயிரிழை தப்பக் கூடாது" என்று மட்டும் உபவாசமிருந்து கேட்டேன்.

ஆபரேஷன் அன்று அவளை உள்ளே கூட்டிப்போனார்கள். போன சுருக்கில் டாக்டர் வெளியே வந்தார். பிள்ளை போய்விட்டாள் என்றே நினைத்தேன்.

மயக்க மருந்துக்கு முன்னால் அச்சை வைத்துப் பார்த்தாராம். உட்காரவில்லை. ஸ்கேனுக்கு அப்புறம், பல்லில் கட்டியிருந்த கம்பி கழன்றுபோய், குன்றத்தூரில் எங்கள் வீட்டுப் பக்கத்து டாக்டரிடம் இறுக்கிக்கொண்டு வந்திருந்தாள். அதில் பல் துளி நகர்ந்துவிட்டது. இன்றைக்கு ஆபரேஷன் இல்லை என்றார்.

கம்பெனியில் மறுபடி லீவு தருவார்களா? ஆம்பிளைகள் எதிரே வாயே திறக்காத நான், அன்று அவர் கையைப் பிடித்துக்கொண்டு, கொஞ்சம் அழுத்திப் பாருங்க சார் என்று கெஞ்சினேன்.

"அழுத்தினா உக்காரும்மா. ஆனா வெட்டு நரம்புல விழும்" என்றார்.

பின்னாலேயே எஸ்தர் பச்சை கவுனோடு நடந்து வந்தாள். "யம்மா, எங்க லைன்ல பாகத்தைப் புடிச்சு வைக்கிற ஜிக்குல உக்காராத பீஸை சுத்தியால தட்டி உள்ள தள்ளுனா, சூப்பர்வைசர் நம்மள வூட்டுக்கு அனுப்பிடுவாரு. நீ இன்னான்னா என் வாயைத் தட்டச் சொல்றியே" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆண்டவரே, என்னைக் கைவிட்டுட்டீரே என்று பஸ்ஸில் முக்காட்டுக்குள் அழுதேன். அழும்போதே நெஞ்சில் சுருக்கென்றது. மயிரிழை தப்பக் கூடாது என்று கேட்டது நான்தானே. தப்புவதற்கு முன்னாலேயே தடுத்து நிறுத்தினது யார்?

மறுபடி ஸ்கேன், புது அச்சு. இந்தத் தடவை டாக்டர் வெளியே வரவே இல்லை. பொழுது சாயும்வரை முழங்காலில் இருந்தேன். கடைசியில் வந்து, அச்சு கச்சிதமாக உட்கார்ந்தது, நரம்பில் படவில்லை என்றார். கொஞ்ச நாள் உதடு மதமதவென்று இருந்தது. பிறகு ஒரு காலையில், "யம்மா, உதட்டுல காபி சுடுது" என்றாள். அடுப்படியிலேயே ஸ்தோத்திரம் சொல்லி அழுதேன்.

சபையில் எழுந்து சொல்ல எனக்குக் கூச்சம். அதனால் எழுதுகிறேன். கேட்டது தள்ளிப்போனால் ஆண்டவர் கேட்கவில்லை என்று நினைக்காதீர்கள். அவரை நம்பிக் காத்திருங்கள். காத்திருந்த என்னை அவர் வெட்கப்படுத்தவில்லை.