காப்பிக்குச் சொன்ன தக்கோர்

உழவர்கரை பிரௌசிங் சென்டரில் கல்லாவைப் பார்த்துக்கொண்டிருந்த தனக்கொடிக்கு ஆண்பிள்ளைகளின் லட்சணம் அத்துப்படி. பாதி முடி கொட்டினவன்கூடத் தடுப்புக்குள் உட்கார்ந்துகொண்டு, வயது இருபத்தைந்து என்று கூசாமல் தட்டுவான். முப்பத்தொரு வயதுக்குள் இத்தனையும் பார்த்தவள், 2006-இல் தானும் ஒருவனோடு சாட் செய்தாள். ஆசை யாரை விட்டது?

அவன் பெயர் ரஃபாயேல். உப்பளம் ஏரியாக்காரன், பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தா. சிப்பாயை இங்கே அப்படித்தான் சொல்வார்கள். லீவில் வந்திருந்தான். சொல்தா மாப்பிள்ளை என்றால் பெண்ணைப் பெற்றவர்களுக்கு வாயெல்லாம் பல். அந்தத் திமிர் அவனுக்கு ஏகத்துக்கும் இருந்தது. கடற்கரையில் காப்பி சாப்பிடலாமா என்று கேட்டான். அவனுக்குப் பிடிக்குமே என்று அவன் பாஷையிலேயே 'தக்கோர்' என்று தட்டினாள். சரி என்று அர்த்தம், அவ்வளவுதான். கிளம்பும் முன் அவன் படம், நம்பர், வீட்டு விலாசம் எல்லாவற்றையும் பிரிண்ட் எடுத்து, முதலாளியம்மா செல்வாம்பாளிடம் கொடுத்தாள்.

காப்பிக் கடை வரைக்கும்கூடப் போகவில்லை. அவளுக்கு வாங்கிவந்த சென்ட் கூட வந்த சிநேகிதன் ரூமில் இருக்கிறது, எடுத்துக்கொண்டு வந்துவிடலாம் என்று பக்கத்து லாட்ஜுக்குக் கூட்டிப்போனவன், உள்ளே நுழைந்ததும் தாழ் போட்டான். சென்ட்டும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை.

"கதவத் தொறங்க. எனக்கு வேணாம்."

"தக்கோர்னு நீதான எழுதுன?"

"காப்பிக்கு எழுதுனேன்."

"பிரான்ஸ்ல இதுக்கெல்லாம் தனியா கேக்கமாட்டாங்க."

பிரான்ஸ் என்ன பாவம் செய்ததோ, இவன் வாயில் விழுந்து எழுந்திருக்க! கையைப் பிடித்தான். உதறினாள்.

"உங்க போட்டோவும் விலாசமும் எங்க முதலாளியம்மாகிட்ட இருக்கு. நாலு மணிக்கு நான் போவலன்னா நேரா உங்க அம்மாகிட்டதான் வந்து நிப்பாங்க."

துப்பாக்கி பிடித்த வீரனுக்கு அம்மா என்றதும் வெலவெலத்துவிட்டது. தாழ்ப்பாளைத் தானே திறந்துவிட்டு, "சும்மா வெளையாட்டுக்கு" என்று வழிந்தான். தூ, இதுவும் ஒரு ஆண்பிள்ளை.

சென்டருக்குத் திரும்பியதும் முதலாளியம்மாவிடம் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். செல்வாம்பாள் தண்ணீர் கொடுத்தாள். கொடுத்ததோடு வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம்.

"ஏன்டி, ரூமுக்கு நீ எதுக்குப் போன?"

தனக்கொடி டம்ளரைக் கீழே வைத்தாள்.

"எதுக்குப் போனன்னு என்னைக் கேக்கறீங்களேக்கா, எதுக்குத் தாழ் போட்டன்னு அவன யாராச்சும் கேப்பீங்களா?"