சாமி துவைத்த துணி

எங்கள் மொட்டை மாடியில் நான்கு கொடிகள் கட்டியிருக்கும். மாடி வீட்டில் குடியிருக்கும் எனக்கு ஒன்று, கீழ்வீட்டு மலர்க்கொடிக்கு மூன்று. பங்கு சரியில்லை என்று நான் ஒருநாளும் சண்டைக்குப் போனதில்லை. அவள் வீட்டில் மொத்தமே மூன்று பேர்தான், அதிலும் மகன் செம்பியன் சிதம்பரத்தில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறான். ஆனால் காயும் துணியைப் பார்த்தால் ஒரு கல்யாணப் பந்தியே அங்கே குடியிருக்கிறது என்று நினைக்கத் தோன்றும்.

மலர்க்கொடிக்குப் பிறந்த ஊர் புவனகிரி. கடலூர் புதுப்பாளையத்தில் சொந்த அத்தை மகன் இளவரசுவுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். அவருக்குத் திருப்பாதிரிப்புலியூரில் எலக்ட்ரிக்கல் கடை. தங்கமான மனுஷன். குடி இல்லை, சீட்டு இல்லை, குரல் உயர்த்திப் பேச மாட்டார். அதனாலேயே அவரைப் பற்றி யாரிடமும் குறை சொல்ல முடியாமல் அவள் பட்ட அவதி எனக்குத்தான் தெரியும். குளித்துவிட்டு வந்தால் கைக்கு எட்டிய துண்டை எடுப்பார், துவட்டுவார், ஈரத்தோடு கட்டில் மேல் போடுவார். துண்டுக்குக் கீழே மெத்தை விரிப்பு இருக்கிறது, அதையும் ஒருத்தி துவைக்க வேண்டும் என்பதெல்லாம் அவர் கணக்கிலேயே கிடையாது.

மலர்க்கொடி மஞ்சக்குப்பத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியன். ரத்தம் எடுப்பதில் கெட்டிக்காரி. என் மாமியாருக்கு நரம்பு கிடைக்காமல் மற்றவர்கள் கையைத் துளைத்து எடுத்துவிடுவார்கள், இவள் பேச்சுக் கொடுத்துக்கொண்டே ஒரே குத்தில் எடுத்துவிடுவாள். அந்தக் கைதான் போன வருஷம் ஐப்பசிக்கு முன்னால் வெடிக்க ஆரம்பித்தது. முதலில் அரிப்பு, அப்புறம் தோல் உரிந்து விரலிடுக்கெல்லாம் ரணம். "சோப்புத்தூள்ல கை வெக்காதம்மா, வெச்சா இது ஆறவே ஆறாது" என்று தோல் டாக்டர் சொல்லிவிட்டார். அந்தக் கையைப் பார்த்து நோயாளிகள் முகம் சுளித்ததும், ஆஸ்பத்திரியில் அவளை டோக்கன் கொடுக்கிற மேஜையில் உட்கார வைத்தார்கள். பொங்கலுக்குள் ஆறவில்லை என்றால் லேபுக்கு வேறு ஆள் போட்டுவிடுவோம் என்றும் சொல்லிவிட்டார்கள்.

வீட்டில் மெஷின் இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறது, இரண்டு தொட்டி மெஷின். துவைக்கிற தொட்டியிலிருந்து பிழிகிற தொட்டிக்குத் துணி தானாக நடந்து போகுமா? சோப்பு நுரையில் கையை விட்டு அள்ளித்தான் போட வேண்டும். ரப்பர் உறை மாட்டிப் பார்த்தாள், உள்ளே வியர்த்து ரணம் இன்னும் ஜாஸ்தியானது. துணிக்கு ஒரு ஆள் வைக்கலாமா என்று கேட்டதற்கு இளவரசு, "மூணு பேர் துணிக்கு ஆளா?" என்று சிரித்தார். சத்தியமாகச் சொல்கிறேன், அந்தச் சிரிப்பைக் கேட்டு எனக்கே பற்றிக்கொண்டு வந்தது.

அவள் மூளை சும்மா இருக்காது. துணியைக் குறைத்தால் வேலை குறையும் என்று கிளம்பினாள். குளியலறைக் கதவுக்குப் பின்னால் மூன்று கொக்கி அடித்து, அவரவருக்கு ஒரு நிறத்தில் துண்டு மாட்டினாள். இளவரசு பச்சையில் தலை துவட்டி, நீலத்தில் கால் துடைத்தார். அழுக்குக்கு மூன்று கூடை வைத்தாள், வெள்ளைக்கு ஒன்று, சாயம் போவதற்கு ஒன்று, மற்றதற்கு ஒன்று. மூன்றுக்கும் நடுவில் தரையில் கிடந்தது சட்டை. விரிப்பையும் அதன் ஜோடித் தலையணை உறைகளையும் மடித்து, ஒரு உறைக்குள்ளேயே எல்லாவற்றையும் திணித்து பீரோவில் அடுக்கினாள். ஒரு கட்டிலுக்கு வேண்டியது ஒரு பொட்டலமாக வந்துவிடும், தேட வேண்டாம். நான்கூட அதைப் பார்த்து வீட்டில் அப்படியே செய்தேன். இளவரசு ஒரு கைக்குட்டைக்காக அத்தனை பொட்டலத்தையும் பிரித்துப் போட்டுவிட்டு, "வெச்ச எடத்துல எதுவுமே இருக்கறதில்ல" என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போனார்.

மகன் மட்டும் என்ன சளைத்தவனா? வெள்ளிக்கிழமை சாயங்காலம் சிதம்பரம் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது தோளில் புத்தகப் பை இருக்கிறதோ இல்லையோ, கையில் அழுக்குத்துணி மூட்டை இருக்கும். ஜீன்ஸை உதறினால் சிதம்பரத்து வயலே வீட்டுக்குள் கொட்டும். "அங்கயே ரெண்டு நனைச்சிப் போடக் கூடாதாடா?" என்று கேட்டால், "நீ தொவச்சாதாம்மா துணி துணியா இருக்கு" என்று கொஞ்சுவான். அப்பனுக்குப் பிள்ளை தப்பாமல் பிறந்திருக்கிறது என்று நான் பல்லைக் கடித்துக்கொள்வேன். மலர்க்கொடி மருந்தைத் தடவிக்கொண்டு போய் மூட்டையை அவிழ்ப்பாள்.

இப்படி இருக்கையில் கார்த்திகை பிறந்தது, கடைத்தெருக்காரர்களோடு சேர்ந்து இளவரசு ஐயப்பனுக்கு மாலை போடப் போவதாகச் சொன்னார். முதல் தடவை போகிற கன்னிசாமி. அவள் மாடிக்கு வந்து என் வாசலில் உட்கார்ந்துவிட்டாள்.

"வீடு முழுக்கக் கழுவணும், இருக்கற போர்வை, பாய், திரை எல்லாம் தொவைக்கணும் காயத்ரி. சாமி துணிய மத்ததோட சேக்கக் கூடாது. நான் இந்தக் கைய வெச்சிகிட்டு இன்னா பண்ணுவேன்?"

பக்திக்கு எதிராக வாயைத் திறந்து நான் எதற்குப் பாவத்தைச் சுமக்க வேண்டும்?

ஆனால் குருசாமி தட்சிணாமூர்த்தி மாலை போடும்போதே சொல்லியிருக்கிறார்: சாமி தன் துணியைத் தானேதான் துவைக்க வேண்டும், படுக்கிற பாய், விரிப்பு எல்லாம் சாமியின் பொறுப்பு. மறுநாள் விடியற்காலையில் மாடியில் ஏதோ சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். இளவரசு கறுப்பு வேட்டியை உதறி, சுருக்கம் நீவி, ஓரம் பார்த்துக் கிளிப் போட்டுக்கொண்டிருந்தார். எங்கே கற்றுக்கொண்டார் என்று கேட்காதீர்கள், எனக்கும் அதே கேள்விதான். சாயங்காலம் எடுத்து மடித்ததைப் பார்த்தால் ஜவுளிக்கடையில் அடுக்கியது மாதிரி இருந்தது. துண்டுக்குத் தனிக் கொக்கி, அதில் வேறு யாரும் மாட்டக் கூடாது என்று கண்டிப்பு வேறு! பீரோவைத் திறந்து, "விரிப்பையெல்லாம் ஒறைக்குள்ள போட்டு வெச்சா தேட வேண்டாம் பாரு" என்று மலர்க்கொடிக்கே சொல்லிக் கொடுத்தாராம். அவள் அதைச் சொன்னபோது சிரித்தாளா அழுதாளா என்று எனக்குப் பிடிபடவில்லை.

மகனுக்கும் உபதேசம் நடந்தது. "தன் துணிய தானே தொவச்சிக்கணும். சாமி சொல்றேன்" என்று போனில் சொல்ல, அந்த வெள்ளிக்கிழமை செம்பியன் வெறுங்கையோடு வந்து இறங்கினான். மலர்க்கொடிக்கு அவள் துணி மட்டும்தான் பாக்கி. அதையும் நான் என் துணியோடு சேர்த்துப் போட்டுவிட்டேன்.

இடையில் ஒரு புயல் வந்தது. துறைமுகத்தில் கூண்டு ஏற்றிவிட்டார்கள், மழை விடவில்லை, எதுவும் காயவில்லை. இளவரசு கூடத்தில் ஃபேனுக்குக் கீழே கயிறு கட்டி, நனைந்த கறுப்பு வேட்டியைப் போட்டார். அதற்குக் கீழே நாற்காலியில் மலர்க்கொடியின் வெள்ளைக் கோட்டு இருந்தது. காலையில் அதைப் பார்த்தால் தோளிலிருந்து இடுப்பு வரைக்கும் மை கொட்டியது மாதிரி கறுப்பு. சாமியிடம் கோபப்படக் கூடாது. கோட்டை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தபடி, "சாமி... சாமி சரணம்!" என்றாள். அத்தனை ஆத்திரத்தோடு சரணம் சொல்லி நான் கேட்டதே இல்லை.

"எல்லாம் அவன் செயல்" என்றார் இளவரசு.

கோட்டோடு நேராக மாடிக்கு வந்து, அவரைத் திட்ட வேண்டியதையெல்லாம் என்னைத் திட்டித் தீர்த்தாள். கேட்டுக்கொண்டேன். கடைசியில் மூச்சு வாங்கிவிட்டு, "போவட்டும். கையப் பாத்தியா? ஆறிகிட்டு வருது. இதே பழக்கம் அவருக்கு நெலச்சிட்டா போதும், எனக்கு வேற எதுவும் வேணாம்" என்றாள். நாய் வாலை நிமிர்த்த முடியுமா என்று நாக்கு நுனிவரை வந்தது, முழுங்கிவிட்டேன்.

மார்கழியில் டாக்டர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இனி ரத்தம் எடுக்கலாம் என்றார். அன்று அவள் பால்கோவா வாங்கி வந்தாள். அந்த வாரமே இளவரசு மலைக்குப் போய்த் திரும்பினார். குருசாமி தேங்காய் உடைத்து மாலையைக் கழற்றினார். மத்தியானம் அப்பளம் பாயசத்தோடு சாப்பிட்டார். சாப்பிட்டு எழுந்ததும், மலைக்குக் கொண்டுபோன ஈரமும் சேறுமான துணிமூட்டையை அப்படியே அவள் வெள்ளைக் கூடையில் கவிழ்த்தார்.

"இதெல்லாம் ஊற வெச்சிடு மலரு. நாத்தம் கொமட்டுது."

பிரசாதம் வாங்க வந்த நான் அங்கேதான் நின்றிருந்தேன்.

"ஏன் மாமா, இத்தினி நாளும் நீங்களே தானே தொவச்சீங்க?" என்று கேட்டாள்.

"அது சாமிக்குத் தொவச்சது" என்றார், ஒரு குழந்தைக்குச் சொல்வது மாதிரி அமைதியாக.

ஒரு மண்டலம் கோபத்தைச் சேர்த்து வைத்திருக்கிறாளே, இப்போது வெடிக்கப் போகிறாள் என்று காத்திருந்தேன். அவள் கையைப் பார்த்தாள், கூடையைப் பார்த்தாள், அடுப்படிக்குள் போய்விட்டாள். அந்த வெள்ளிக்கிழமை மகனும் மூட்டையோடு வந்தான்.

சனிக்கிழமை காலையில் அவள் என் கதவைத் தட்டினாள். சிவப்புப் புடவை, சிவப்பு ரவிக்கை, கழுத்தில் மாலை.

"மருவத்தூருக்கு மாலை போட்டுட்டேன். தைப்பூசம் வரைக்கும்."

எங்கள் சொந்தத்தில் எத்தனையோ பேர் மேல்மருவத்தூருக்கு மாலை போட்டுப் போயிருக்கிறார்கள். சில நாள்தான் போடுவார்கள். இவ்வளவு நாள் போட்டவரை நான் பார்த்ததில்லை. மாலை போட்டவள் மற்றவர் அழுக்கைத் தொடக் கூடாது என்று ஒரு விதியை இளவரசிடம் சொல்லியிருந்தாள், அதையும் நான் கேள்விப்பட்டதில்லை. கேட்டு நான் எதைச் சாதிக்கப் போகிறேன்?

இளவரசு தட்சிணாமூர்த்தியிடம் ஓடியிருக்கிறார். அவரோ, "அம்மா மாலை போட்டிருக்காங்க, கேலி பேசாதீங்க. சக்தின்னு கூப்புடுங்க" என்று அனுப்பிவிட்டாராம்.

ஞாயிற்றுக்கிழமை நான் மாடிக்குப் போனபோது இளவரசு வாளியோடு நின்றிருந்தார். மகனுடைய ஜீன்ஸை உதறி, இடுப்புப் பட்டையில் கிளிப் போட்டார், கால் இரண்டையும் பிரித்துவிட்டார். அத்தனை ஒழுங்கு. இவ்வளவும் தெரிந்த மனுஷன் இத்தனை வருஷம் அவளைத் துவைக்க விட்டாரே என்றுதான் எனக்கு வயிறு எரிந்தது. மலர்க்கொடி அடுத்த கொடியில் தன் கோட்டை மாட்டிக்கொண்டிருந்தாள். புதுக் கோட்டு. கையில் ஒரு கீறல்கூட இல்லை.

"சக்தி" என்று மெல்லக் கூப்பிட்டார். "தைப்பூசம் முடிஞ்சா கழட்டிடுவ இல்ல?"

அவள் கோட்டின் காலரை நீவிவிட்டுத் திரும்பினாள்.

"மாலையக் கழட்டிடுவேன் மாமா. உங்க துணியத் தொட மாட்டேன்."

இளவரசு குனிந்து வாளியிலிருந்து அடுத்த சட்டையை எடுத்தார்.