சீக்கு என்று நான் பிடுங்கிய பயறு

பிள்ளைகளே, போன வாரம் குடியாத்தத்து அத்தை வந்திருந்தபோது, மேல்தாழ்ப்பாள் எட்டாமல் முக்காலியைத் தேடினாள். "அத்த, சின்ன வயசுல உனக்குத் தண்ணி ஊத்த மறந்துட்டாங்களா?" என்று கேட்டுச் சிரித்தீர்கள். அவளும் சிரித்தாள். நான் மட்டும் எழுந்து போய்விட்டேன். நைனாவுக்கு இன்னா கோபம் என்று நினைத்திருப்பீர்கள். கோபம் இல்லை. வாயால் சொல்ல வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

எனக்கு அப்போது ஒன்பது வயது இருக்கும். என் நைனா, அதாவது உங்கள் தாத்தா, ஆம்பூரில் தோல் பதனிடும் இடத்தில் வேலை செய்தார். பதமாகி வந்த தோலைத் தடவிப் பார்த்து நல்லது கெட்டது பிரிப்பது அவர் வேலை. நான் சோறு கொண்டுபோகும் நாளில் என்னையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்வார்.

"கண்ணால பாக்காதடா, கையால பாரு. முடிச்சு தட்டுச்சா, அது சீக்கு. தயவு பாக்காம தள்ளிப் போடு" என்பார்.

ஒருநாள் அவர் கைக்குத் தப்பிய முடிச்சு ஒன்றை நான் கண்டுபிடித்துவிட்டேன். "எனக்கே வாத்தியாரு ஆய்ட்டான்" என்று அங்கிருந்தவர்களிடமெல்லாம் சொன்னார். அன்றிலிருந்து என் விரல்கள் சும்மா இருக்கவில்லை. பூசணிக்காய், நாயின் காது, தங்கையின் முதுகு என்று எதையும் தடவிப் பார்த்தேன்.

அந்தத் தங்கைதான் உங்கள் அத்தை. அப்போது அவளுக்கு இரண்டு வயது ஆகப்போகிறது, இன்னும் நடக்கவில்லை. காய்ச்சலில் கிடந்து எழுந்தவள், காலிரண்டும் குச்சி. அம்மா பச்சைப்பயற்றை வறுத்து அரைத்துக் கம்பங்கூழில் கலந்து ஊட்டிவந்தாள். ஒரு மாதத்தில் பிள்ளை சுவரைப் பிடித்து நின்றது. ஒருநாள் சுவரை விட்டும் நின்றது. "பயிறு காலுல சேருது" என்று அம்மா பூரித்துப்போனாள்.

ஆனால் வீட்டிலிருந்த பயறு பானையின் அடிக்கு வந்துவிட்டது. மழை கம்மியான வருஷம். அக்கம்பக்கத்தில் கேட்டும் கிடைக்கவில்லை. பாலாற்றுக்கு அந்தப் பக்கம் எங்கள் மானாவாரிக் கொல்லையில், கம்புக்கு நடுவே அம்மா பயறு விதைத்திருந்தாள். பிஞ்சு விட்டிருந்தது. அதை நம்பித்தான் நாளை எண்ணிக்கொண்டிருந்தாள்.

களை எடுக்க என்னை அனுப்பினாள். களையோடு ஒரு பயற்றஞ்செடியும் கையில் வந்துவிட்டது. வேர் முழுக்கச் சின்னச் சின்ன முடிச்சுகள். ஒன்றை நசுக்கினேன், உள்ளே ரத்தச் சிவப்பு. அடுத்த செடியிலும் அப்படியே. ஒரு கம்பைப் பிடுங்கிப் பார்த்தேன், வேர் சுத்தம். எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. சீக்கு பயற்றில் இருக்கிறது, கம்புக்குத் தொற்றுவதற்குள் தள்ளிப் போடவேண்டும். பொழுது சாய்வதற்குள் ஒரு செடி விடாமல் பிடுங்கி, கழித்த தோலை அடுக்குவதுபோல் வரப்பில் அடுக்கி வைத்தேன். பாப்பாவின் கூழைக் காப்பாற்றிவிட்ட பெருமை எனக்கு.

வேலை விட்டு நைனா வந்தார், பின்னாலேயே அம்மா வந்தாள். வேரைக் காட்டினேன். நைனா விரலில் உருட்டிப் பார்த்தார்.

"பாத்தியாமே எம் புள்ள கைய! எம்மாஞ் சீக்கு!" என்றார். அவருக்கும் தோல்தான் தெரியும்.

அம்மா வரப்பில் உட்கார்ந்து பிஞ்சுகளை ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்தாள். ஒன்றிலும் மணி பிடிக்கவில்லை.

"தோலுக்கு வர்ற சீக்காய்யா இது? அது இருந்தாத்தான் கம்பு கறுப்பா செழிச்சு நிக்கும். காயப் பறிச்சப்புறம்கூட வேர மண்ணுலயே உட்டுடுவேன். உம் புள்ள வேரோட வாரிட்டான்." பிறகு என் பக்கம் திரும்பினாள். "பாப்பாவுக்கு இன்னாத்தடா கலந்து ஊட்டுவேன்?"

"சாம்பப் பானையில இருக்குதேம்மா" என்றேன். சாம்பல் கலந்த பயறு ஒரு சின்னப் பானையில் பரண்மேல் இருப்பதை நான் பார்த்திருந்தேன். அம்மா பிஞ்சுகளை மடியில் வாரிக்கொண்டு எழுந்தாள். மறுநாள் பானையை இறக்கி, சாம்பலைப் புடைத்து, வறுத்தாள். பார்த்தாயா, இருக்கிறது, இதற்குப் போய்க் கலங்கினாளே என்று நான் நிம்மதியாக விளையாடப் போய்விட்டேன்.

அது இருபது நாள் வந்தது. அதன்பின் வெறும் கூழ்தான். நின்ற பிள்ளை மறுபடி உட்கார்ந்துவிட்டது. நடக்க மூன்று வயது தாண்டிவிட்டது. அடுத்த ஆடியில் கம்பு மட்டும் விதைத்தோம். வெளிறிப்போய் முழங்கால் உயரத்தில் நின்றது.

பெரியவனான பிறகு, விவசாய இலாகாக்காரர் ஒருவர் சந்தையில் பயற்றஞ்செடியைத் தூக்கிக் காட்டி, இந்த முடிச்சுகள்தான் காற்றிலுள்ள சத்தைப் பிடித்து மண்ணில் சேர்க்கின்றன என்றார். எல்லோரும் வியந்தார்கள். நான் கூட்டத்தை விட்டு நழுவினேன்.

காய்ச்சலே காரணமோ என்னவோ, அத்தை குள்ளமாய்ப் போனதற்கு நான்தான் காரணம் என்று யாரும் சொன்னதில்லை. அம்மா கடைசிவரை வாய் திறக்கவில்லை. அத்தைக்குத் தெரியாது, நானே சொல்லும்வரை நீங்கள் சொல்லவேண்டாம். பயறு வேண்டாமென்று நீங்கள் தட்டை நகர்த்தும்போது நான் அதட்டுவது இதனால்தான்.

சாம்பல் பானையில் இருந்தது விதைப்பயறு என்று அன்று எனக்குத் தெரியாது.

அத்தையை வண்டியேற்றிவிட்டு வரும் வழியில் நம் கொல்லைக்குப் போனேன். பயறு பூத்திருந்தது. ஒரு செடியின் அடியில் விரலால் மண்ணை விலக்கிப் பார்த்தேன். முடிச்சுகள் இருந்தன. தொடாமல், மண்ணை மூடிவிட்டு வந்தேன்.