செத்த பேட்டரி ஓடிய பத்து நிமிடம்

இன்ஜினைச் சுழற்றும்போது ஒன்பதரை வோல்ட்டுக்குக் கீழே இறங்கும் கார் பேட்டரியை மாற்றிவிட வேண்டும் என்பது விதி. விதிகள் எனக்குத் தெரிந்த அளவு, அவற்றை எழுதியவர்களுக்கே தெரியாது. என் பேட்டரி எட்டுக்கு இறங்கியது. செத்தது என்று தீர்ப்பெழுதி, புதியதற்குச் சொல்லிவைத்தேன்.

அன்று வியாழக்கிழமை மாலை, பெங்களூரு வைட்ஃபீல்டில் பேய்மழை. கரண்ட் இல்லை, ஜெனரேட்டரும் மக்கர். எதிர்வீட்டு கவிதா, மூச்சு இழுக்கும் மகளைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். கையில் மருந்தைப் புகையாக்கித் தரும் நெபுலைசர்.

"கேப் எதுவும் வரல அங்கிள். உங்க கார் இன்வெர்ட்டர்ல இதப் போடலாமா?"

"பேட்டரி செத்துப்போச்சும்மா. வண்டியே ஸ்டார்ட் ஆகாது."

"வண்டி யாருக்கு வேணும்? இது பத்து நிமிஷம் ஓடினா போதும். சொருகுங்க அங்கிள்!"

கார் பேட்டரியில் மாட்டியிருந்த இன்வெர்ட்டரில் சொருகினேன். நெபுலைசர் உறுமியது. உள்விளக்கு மங்கியது, அணையவில்லை. மருந்துப்புகை போகப்போக, குழந்தையின் விலா மெல்ல அடங்கியது. மருந்தின் கடைசிச் சொட்டுவரை அந்தப் பேட்டரி தாங்கியது. ஸ்டோர்ஸ் ஆபீசராக எத்தனையோ பொருட்களை உதவாது என்று கையெழுத்திட்டுக் கழித்தவன், டேஷ்போர்டைத் தட்டிக்கொடுத்தேன்.

பிறகு ஆட்டோ கிடைத்து ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். பாப்பா எப்படி என்று செய்தி அனுப்பிவிட்டு, போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். "ஊசி போட்ட நர்ஸோட சண்டை போடுறா அங்கிள்" என்று பதில் வந்தது, வெள்ளிக்கிழமை காலையில்.